கோசோங்கில் பறந்தது

வெடித்துக் கிடந்த ஒரு கச்சாங் பாக்கெட்டைப் பார்த்துத்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

சிம்பாங் ரெங்கம் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு பலகை ஆலையில் என் அண்ணனுக்கு வேலை. அவனுடைய மோட்டார் சைக்கிளை வாங்கிக்கொண்டு கிளம்பலாம் என்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் போயிருந்தேன். அவன் சாவியைத் தராமல் யாரையோ ஏசிக்கொண்டிருந்தான்.

“எவன்டா கச்சாங்க உள்ள வச்சிட்டு வந்தது? மருந்துல ஊறுன கடலைய இப்ப யாரு திங்கிறது, உங்கப்பனா?”

வயதான ரப்பர் மரங்களை அறுத்து, மேசை நாற்காலி செய்கிறவர்களுக்குப் பலகையாகக் கொடுக்கும் ஆலை அது. ரப்பர் பலகையை அப்படியே விட்டால் பூச்சி தின்றுவிடும். அதனால் பலகைகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி, லாரி நீளத்துக்குப் படுத்திருக்கும் ஓர் இரும்பு உருளைக்குள் தள்ளுவார்கள். கதவைப் பூட்டி, உள்ளே இருக்கும் காற்றை முதலில் பம்பால் உறிஞ்சுவார்கள். மூச்சு போன பலகை, பிறகு திறந்துவிடும் பூச்சிமருந்தை மடமடவென்று குடிக்கும். அந்த உருளையை அங்கே எல்லாரும் தோங் என்பார்கள். தோங்கை இயக்குவது என் அண்ணன்.

யாரோ பலகைமேல் மறந்துவிட்ட பாக்கெட், காற்று போகப் போக ஊதிப் பெருத்து, ஓரம் பிளந்து, மருந்தில் ஊறிக் கிடந்தது. நான் அதைக் கையில் எடுத்துப் பார்த்தபடி நின்றேன்.

“காத்து போனா பாக்கெட்டு வெடிக்கும். இத என்னா அதிசயமா பாக்குற? யுனிவர்சிட்டில இதெல்லாம் சொல்லித் தரலயா?” என்றான் அண்ணன்.

சொல்லித் தந்திருந்தார்கள். அதனால்தான் எனக்கு உடம்பு சிலிர்த்தது. கதவு மூடியிருந்த கொஞ்ச நேரத்துக்கு அந்தத் தோங்கின் உட்புறம் சிம்பாங் ரெங்கமாக இருக்கவில்லை. செவ்வாய்க் கிரகத்துக்குப் பாதி வழியில் இருந்திருக்கிறது. ஒரு பாக்கெட் கச்சாங் அங்கே போய்விட்டு வந்திருக்கிறது. நான் போகவில்லை.

ஜொகூர் பாருவில் நாங்கள் சில மாணவர்கள் சேர்ந்து, செவ்வாயில் பறப்பதற்கான, இறக்கை சுழன்று மேலெழும்பும் குட்டி விமானங்களைச் செய்துகொண்டிருக்கிறோம். அங்கே ஏற்கெனவே ஒன்று பறந்துவிட்டது; படிவம் நான்கில் இருந்தபோது அந்தப் படங்களை வகுப்பில் மேசைக்கு அடியில் வைத்துப் பார்த்து, கைபேசியைப் பறிகொடுத்தவள் நான். எங்கள் எண்ணம் வேறு. ஒரே ஒரு பெரிய பொறி போனால் அது விழுந்தவுடன் கதை முடிந்தது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியதாகப் பல போனால்? ஒன்று பள்ளத்தில் இறங்கட்டும், ஒன்று குகைக்குள் நுழையட்டும், ஒன்று விழுந்து தொலையட்டும், மற்றவை அது விழுந்த இடத்தைப் படம் எடுக்கும்.

ஆனால் செவ்வாய்க்கு நம்மைப் பிடிக்காது. நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அங்குள்ள காற்று நம்முடையதில் நூறில் ஒரு பங்கு. இறக்கை பிடித்துத் தள்ளுவதற்கு அங்கே எதுவும் இல்லை. எந்தப் பொருளின் எடையும் அங்கே இங்குள்ளதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்பது ஒன்றுதான் அந்தக் கிரகம் காட்டும் இரக்கம், அதுவும் போதாது. இறக்கை அகலமாக வேண்டும், கனமே இருக்கக் கூடாது, வெறிபிடித்தமாதிரி சுழலவும் வேண்டும். அப்படிச் சுழன்றால் நடுங்கும். நடுங்கினால் பிய்ந்து போகும். எந்தப் பக்கம் போனாலும் அடிக்கக் காத்திருக்கும் இடம்.

எங்கள் குழுவின் தலைவனும் கிட்டத்தட்ட அப்படித்தான். என்னைவிட ஒரு வருடம் மூத்தவன், ஜொகூர் பாருவில் டாக்டர் வீட்டுப் பிள்ளை. எதைச் சொன்னாலும் ஏற்கெனவே கேட்டு அலுத்தவன்போல முகத்தை வைத்துக்கொள்வான். அவனிடம் சிங்கப்பூரில் வாங்கிய இறக்கைகள் இருந்தன. கறுப்பாக, குறுகலாக, பளபளவென்று இருக்கும். என்னுடையவை நானே நுரைப்பலகையை இழைத்து, மேலே மெல்லிய கார்பன் துணி ஒட்டிச் செய்தவை. அகலமானவை. முதல் முறை மேசையில் வைத்தபோது அவன் ஒன்றை எடுத்து ஆட்டிப் பார்த்தான்.

“இது என்னா, மீன் பெரட்டுற கரண்டியா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

தீபாவளி விடுமுறைக்கு முன்னால் இரண்டில் எது என்று முடிவு செய்தாக வேண்டும். யாருடைய இறக்கை ஜெயிக்கிறதோ அவருக்குத்தான் பறக்கும் பகுதி முழுவதும். தோற்றவருக்கு என்ன என்பதையும் அவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான். “நீ நல்லா வரைவ தானே. போஸ்டர் பாத்துக்கோ லா.” நான் படிவம் நான்கிலிருந்து காத்திருந்தது போஸ்டர் ஒட்டுவதற்கு இல்லை.

கணக்குப் போட்டுக் காட்டினால் அவன் நம்பமாட்டான். மெலிந்த காற்றில் பறக்கவிட்டுக் காட்ட வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் காற்றை உறிஞ்சும் கண்ணாடிக் குடுவை ஒரு வாளி அளவுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், அப்படிப்பட்ட பெரிய அறைகள் உண்டு. நாங்கள் கேட்டதற்கு அங்கிருந்து பதிலே இல்லை. தோங்கின் பம்பு காற்றைப் பத்தில் ஒரு பங்கு வரை குறைக்கும். அது செவ்வாய் இல்லைதான். ஆனால் அவனுடைய குறுகல் இறக்கை தடுமாறுவதற்கும் என் கரண்டி எழும்புவதற்கும் அது போதும் என்பது என் கணக்கு.

அன்றிரவு வீட்டில் அண்ணனிடம் கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“முடியாது.”

“ஒரே ஒரு தடவ அண்ணே. தோங்க கழுவுற அன்னிக்கி. மருந்தே வேணாம், காத்த மட்டும் எடுத்தா போதும்.”

“எதாச்சும் ஆச்சினா என் வேல போவும். அப்ப செவ்வாயிலேர்ந்து வந்து சோறு போடுவாங்களா?”

“உனக்குப் பொறாம.”

“ஆமாடி. நான் மருந்து நாத்தத்தோட வீட்டுக்கு வரேன், நீ கெரகத்துக்குப் போற. பொறாமதான்.”

அம்மா சமையலறையிலிருந்து, “ரெண்டு பேரும் வாய மூடிட்டுச் சாப்புடுங்க,” என்றார். மூடினோம். மறுநாள் நான் நேராகத் தவுக்கேயிடம் போய் நின்றேன். ஆலை முதலாளியான அவர் என் விமானத்தை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மலாயில் ஒரே கேள்வி கேட்டார்.

“ரோசாக்னா, சியாப்பா தாங்கோங்?”

பழுதானால் யார் பொறுப்பு. நான் என்றேன். அண்ணன் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தபடி, “நான்தான்,” என்று தமிழில் சொன்னான். தவுக்கேக்குப் புரியவில்லை. அனுமதி கிடைத்தது. தன்னைத் தாண்டிப் போனதை அண்ணன் அன்றிலிருந்து மறக்கவில்லை.

கழுவிக் காயவைத்த தோங்குக்குள் நான் குனிந்து நுழைந்தேன். மருந்து வாடை சுவரில் ஊறியிருந்தது. கூரையில் ஒரு சின்னக் கப்பி கட்டி, அதன் வழியாகத் தூண்டில் நரம்பை ஓட்டி, ஒரு முனையில் விமானத்தையும் மறு முனையில் ஈயக் குண்டையும் தொங்கவிட்டேன். செவ்வாயில் அது எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான் இங்கேயும் கனக்க வேண்டும். பை மாதிரி மெத்தென்று இருக்கும் பேட்டரி அந்தக் கச்சாங் பாக்கெட்டைப்போல உப்பிவிடும், அதனால் இரும்புக் கூடு போட்டதைப் பொருத்தினேன். இரும்புக்குள் ரிமோட் வேலை செய்யாது, அதனால் நேரம் வந்தால் தானாகச் சுழலும்படி வைத்தேன். ஒரு விளக்கு. படம் பிடிக்க அம்மாவின் பழைய கைபேசி. உள்ளே எட்டிப் பார்க்கத் தோங்கில் ஒரு சின்ன ஜன்னல்கூடக் கிடையாது. கதவை மூடினால், மறுபடி திறந்து கைபேசியைப் பார்த்தால்தான் நடந்தது தெரியும்.

பம்பும் மீட்டரும் சுவருக்கு அந்தப் பக்கம். அண்ணன் அங்கே நின்றான், நான் கதவோரம். பம்பு ஓடினால் பக்கத்தில் நிற்கிறவர் பேச்சே கேட்காது, அதனால் இருவரும் தொண்டை கிழியக் கத்தினோம்.

“கோசோங் ஆச்சா?”

“என்னா?”

“மீட்டரு. கோசோங் ஆச்சா?”

“இல்ல.”

“சீக்கிரம் கோசோங் ஆக்கு. நேரமாச்சி. கோசோங் ஆனதும் சொல்லு.”

பம்பு இரைந்துகொண்டே இருந்தது. பிறகு அவன் குரல். “கோசோங்கா கேக்குற?”

“ஆமா லா. எத்தன தடவ சொல்றது.”

பம்பு நின்றது. எங்கோ உஸ்ஸென்று நீளமாக ஒரு சத்தம். “கோசோங்,” என்றான் அண்ணன்.

இங்கே தமிழ் பேசுகிற யாருக்கும் இந்த மலாய்ச் சொல்லை விளக்க வேண்டாம். சீனி போடாத தேநீர் கோசோங், உள்ளே ஒன்றும் வைக்காத ரொட்டி கோசோங், தொலைபேசி எண்ணில் பூஜ்யம் வந்தாலும் கோசோங். நான் கேட்டது, உள்ளே ஒன்றும் இல்லாமல் ஆகிவிட்டதா என்று.

சுழல வைத்த நேரம் தாண்டும் வரை காத்திருந்து கதவைத் திறந்தேன்; அது சுலபமாகத் திறந்ததும், அண்ணன் அதற்குள் காற்றைத் திரும்ப விட்டிருப்பான் என்று நினைத்துக் கைபேசியை எடுத்துப் பார்த்தேன். விளக்கொளியில் விமானம் தொங்கிக்கொண்டிருக்கிறது. இறக்கை சுழலத் தொடங்குகிறது. அடுத்த நொடி அது கல்லால் அடித்ததுபோல மேலே பாய்ந்து, கூரையில் முட்டி, திரும்பி, மறுபடி முட்டுகிறது. தரையில் ஒட்டியிருந்த மரத்தூள் சுழன்று பறக்கிறது. குளவிக் கூட்டத்தைக் கலைத்ததுபோல ஒரே இரைச்சல்.

ஒரு சாண் எழும்பினால் அதிகம் என்று கணக்குப் போட்டிருந்தேன். அது கூரையை இடித்தது. என் கணக்கு என்னையே குறைத்து மதிப்பிட்டுவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதைச் சொன்னால்தான் பிறகு நடந்தது புரியும்.

“பறந்துச்சா?” என்றான் அண்ணன்.

“கூரையில முட்டுச்சு.”

“சரி. வெளக்க எடு, தண்ணி வுடணும்.”

மோட்டாரில் ஏறுவதற்கு முன்பே படத்தைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். கீழே ஒரே வரி எழுதினேன். கரண்டி பறந்துவிட்டது.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் தலைவன் அந்தப் படத்தைப் பெரிய திரையில் ஓடவிட்டான். எல்லாரும் சுற்றி நின்றார்கள். முடிந்ததும் மறுபடி ஓடவிட்டான். மூன்றாவது முறை திரையை அணைத்துவிட்டுச் சத்தத்தை மட்டும் வைத்தான்.

“கண்ண மூடிக் கேளுங்க,” என்றான்.

குளவி இரைந்தது. 

“காத்து பத்துல ஒரு பங்குதான் இருக்குனு சொல்ற. அப்ப சத்தம் மட்டும் எப்படி இவ்ளோ? ஓட்டல் கடை காத்தாடி மாதிரி கத்துது. செவ்வாய வுடு, இது கேமரன் மலைக்குக்கூட ஏறல. சிம்பாங் ரெங்கம் காத்து இது, சுத்தமான சிம்பாங் ரெங்கம் காத்து.”

“மீட்டர் கோசோங் வரைக்கும் எறக்குனோம்,” என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது. அவன் விளக்க வேண்டியதே இல்லை, ஆனாலும் விடுவானா?

“கோசோங்க்கு எறக்குனியா? அந்த மாதிரி மீட்டர்ல வெளிக்காத்துதான் கோசோங். காத்த எடுத்தா முள்ளு கோசோங்க்குக் கீழ போவும், மைனஸ்ல. முதல் வருசப் பாடம். நீங்க கோசோங்க்கு எறக்கல, ஏத்திட்டீங்க. உள்ள காத்த நெரப்பிட்டுப் பறக்க வுட்டிருக்கீங்க. என் தங்கச்சியோட விளையாட்டு ட்ரோன்கூட இதுல பறக்கும்.”

சிரிப்பு அடங்க நேரமானது. அன்றிலிருந்து எனக்குப் பெயர் ரொட்டி கோசோங். “என்னா ரொட்டி கோசோங், இன்னிக்கி பறக்கலயா?” என்று கதவைத் திறக்கும்போதே ஒருவன் கேட்பான். “கறி வேணுமா?” என்பான் இன்னொருவன். தலைவன் அவர்களோடு சேர்ந்து கேட்கவில்லை. அவன் குழுவில் இரண்டே வரி எழுதினான். மீட்டர் பார்க்கத் தெரியாத பலகைக் கடை ஆளை நம்பிச் சோதனை செய்தால் இப்படித்தான். போஸ்டர் வேலையை இந்த வாரமே தொடங்கிவிடலாம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன்மேல் பாய்ந்தேன்.

“வேணும்னேதானே செஞ்ச?”

“என்னாத்த?”

“உள்ள காத்த வுட்ருக்க. அந்த உஸ்ஸுனு சத்தம், வால்வ தொறந்துட்ட. என்னைய எல்லாரும் பாத்துச் சிரிக்கிறானுங்க.”

“கோசோங் கேட்ட. கோசோங் குடுத்தேன்.”

“கோசோங்னா காலி.”

“கோசோங்னா கோசோங்.” அவன் எழுந்துவிட்டான். “ரெண்டு தடவ கேட்டேன். கோசோங்கா கேக்குறனு கேட்டேனா இல்லயா? ஆமா லானு கத்துன. இப்ப வந்து என்னைய கள்ளனாக்குறியா?”

நான் அவன் முகத்துக்கு நேராகக் கைபேசியை நீட்டினேன். எதற்காக நீட்டினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் பட்ட அவமானத்தை அவனும் பார்க்கட்டும் என்றுதான் இருக்க வேண்டும். தலைவன் எழுதிய இரண்டு வரிகளை அவன் மெதுவாகப் படித்தான். கைபேசியை மேசையில் வைத்தான். வெளியே போய் மோட்டாரை முடுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அடுத்த நாளிலிருந்து என்னைப் பேருந்து நிற்கும் இடத்தில் கொண்டுபோய் விடுவதை நிறுத்திக்கொண்டான். பெருஞ்சாலை வரை வெயிலில் நடந்தேன். கேட்டாலும் ஏற்றியிருக்கமாட்டான், நானும் கேட்கவில்லை.

கப்பியும் நரம்பும் இன்னும் ஆலையிலேயே இருந்தன. அவற்றை எடுத்துவரச் சனிக்கிழமை போனேன். தோங் ஓடிக்கொண்டிருந்தது. பலகை ஏற்றும் ஆட்கள் கதவோரம் கையுறையோடு காத்திருந்தார்கள், யாரும் பூட்டைத் தொடவில்லை. பம்பு நின்றது. உஸ்ஸென்று அதே சத்தம். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அண்ணன் கத்தினான்.

“கோசோங்.”

“கோசோங்,” என்று கதவோரத்தில் நின்றவர் திருப்பிக் கத்திவிட்டு, அதன் பிறகுதான் பூட்டைத் திருகினார்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அந்த ஆலையில் அது வெறும் சொல் இல்லை, கட்டளை. முள் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, உள்ளும் வெளியும் ஒன்றாகிவிட்டது, இனிக் கதவைத் திறக்கலாம், கை போகாது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு தடவையும், பத்துப் பேர் உடம்பு அந்த ஒரு சொல்லை நம்பி நிற்கிறது. அந்தச் சொல்லைக் கதவோரம் நின்று நான் திரும்பத் திரும்பக் கத்தியிருக்கிறேன். சீக்கிரம் ஆக்கு என்று வேறு அவசரப்படுத்தியிருக்கிறேன். கதவைத் திறக்கப் போகிறேன், காற்றை விடு என்றுதான் அவனுக்குக் கேட்டிருக்கும்.

அண்ணன் சுவரைச் சுற்றி வந்தான். என்னைப் பார்த்தான்.

“கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.” பிறகு, சும்மா இருக்க முடியாமல், “என்னா நெனச்சி கேக்குறேனு நீ ஒரு வார்த்த கேட்ருக்கலாம்,” என்றேன்.

“கேக்க வுட்டியா? உன் வாய் என்னிக்கி நின்னுச்சி, நாங்க கேக்குறதுக்கு?”

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. நான் கப்பியை அவிழ்த்துப் பைக்குள் போட்டேன். அவன் நகரவில்லை. கையைத் துடைத்தபடி அங்கேயே நின்றான்.

“அந்தப் பய. என்னா எழுதுனான்? மீட்டர் பாக்கத் தெரியாதவன்.”

“ஆமா.”

“அவன இங்க வரச் சொல்லு.”

“எதுக்கு? அடிக்கவா?”

“அடிக்கிறதுனா ஜொகூர் பாருக்கே போயிருப்பேன். அவன் எறக்கையையும் எடுத்துட்டு வரச் சொல்லு. தீபாவளிக்கு முந்தி ஒரு தடவ தோங் கழுவணும், தவுக்கேட்ட நானே சொல்றேன். அவன் எறக்கையும் உள்ள போவட்டும், உன்னோடதும் போவட்டும். அவன் என் பக்கத்துல, மீட்டருக்கு நேரா நிக்கணும். எவ்ளோ எறங்குச்சினு அவன் வாயால அவனே கத்தட்டும். நான் வாயே தொறக்க மாட்டேன். அப்பறம் எவன் எவன பாத்துச் சிரிக்கிறான்னு பாப்போம்.”

“என்னோடது எழும்பலனா?”

“நீயே போஸ்டர் ஒட்டு. எனக்கென்னா.” அவன் திரும்பி நடந்தான். சாவியைத் தரவில்லை.

அங்கிருந்தபடியே தலைவனுக்கு எழுதினேன். மறுப்பான் என்று நினைத்தேன், ஆனால் குழுவில் எல்லாரும் பார்க்கும்படி எழுதியிருந்தேன், மறுத்தால் அவன் மானம் போகும். மாலையில் பதில் வந்தது. வருகிறேன், ரொட்டி கோசோங், கறியும் எடுத்துவரவா.

இப்போது என் மேசைமேல் கரண்டி இறக்கைகள் புதிதாக ஒரு சோடி. கணக்கை முதலிலிருந்து திரும்பப் போட்டேன். பழைய இறக்கைகளால் உண்மையான மெல்லிய காற்றில் எழும்பியிருக்க முடியாது. ஒட்டிய பசையிலேயே கனம் ஏறியிருந்தது. நிறைந்த காற்றில் கூரையை இடித்த அந்தப் பெருமை முழுக்கப் பசையின் கனத்தை மறைத்த பொய். பசையைத் துடைத்துத் துடைத்து மெல்லியதாக்கி, நுரையை இன்னும் இழைத்து, நுனியை ஒரு விரல் அகலம் கூட்டியிருக்கிறேன். இனி நடுங்காமல் சுழலுமா என்பது எனக்குத் தெரியாது. அவனுடைய பளபளப்புக்கும் தெரியாது. தோங்குக்கு மட்டும்தான் தெரியும்.

கழுவும் நாளன்று முதலில் அவனுடையது, பிறகு என்னுடையது. முள் பூஜ்யத்தைத் தாண்டி இடப்பக்கக் கடைசிக் கோட்டுக்குப் போனதும் அவன் கத்துவான். நான் கதவோரம் வாயைத் திறக்காமல் நிற்பேன். அண்ணன் போட்ட நிபந்தனைகளில் அதுவும் ஒன்று. பிறகு கைபேசியை எடுத்து, எல்லாருக்கும் நடுவில் வைத்து ஓடவிடுவோம். கூரையில் முட்ட வேண்டாம். நரம்பு ஒரு சாண் தளர்ந்தால் போதும். அதைப் பார்ப்பதற்கு முன் நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கப் போகிறேன். இந்த முறை அந்தக் குளவிச் சத்தம் வரக் கூடாது.